முதல் வருடம் கன்று வாங்காதீர்கள்

செடி விற்றுப் பிழைத்தவன் நான். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் பல வருடம் நர்சரி வைத்திருந்தேன். இப்போது அதே பக்கத்தில், ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தை மறுபடி காடாக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடக்காரர்கள், கல்லூரிக்காரர்கள், ஓய்வுபெற்ற பிறகு இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டவர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை கன்னு வாங்கணும்?"

முதல் வருடம் ஒன்றுகூட வேண்டாம் என்பேன். நம்ப மாட்டார்கள். செடி விற்றவனே சொல்கிறேன், நம்புங்கள்.

நம் பக்கத்துக் கெட்டுப்போன காட்டில் பாதிக்கு மேல் இன்னும் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. வெட்டுப்பட்டு, ஆடு மேய்ந்து, நெருப்பில் கருகி, வேராகவும் தூராகவும் காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் ஜேசிபியை விட்டுச் சமன்படுத்தி, வரிசையாகக் குழி எடுத்து, மகாகனியும் குல்மோகரும் நட்டுவிட்டு அதைக் காடு வளர்ப்பு என்கிறோம். இருந்த காட்டை வழித்து எறிந்துவிட்டுத் தோப்பு வைத்ததுதான் மிச்சம்.

எந்தக் காட்டை மீட்கப் போகிறீர்கள்?

சென்னையின் காடு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு மாதிரி இருக்காது. சோழமண்டலக் கரையோரத்துக்கென்றே ஒரு காடு உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இந்தியக் காடுகளை வனவியல் அறிஞர்கள் சாம்பியன், சேத் இருவரும் 1968-ல் வகைபிரித்தபோது இதைத் தனி வகையாகவே வைத்தார்கள். மரங்கள் முப்பது, நாற்பது அடிக்கு மேல் போவது அபூர்வம். இலை சின்னது, தடித்தது, பளபளப்பானது. வருடத்தில் பெரும்பகுதி மழையே இல்லாவிட்டாலும் சித்திரை வெயிலில் பச்சையாகவே நிற்கும். அடியில் முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். பார்ப்பவர்களுக்குப் "புதர்". அதனால்தான் யாருக்கும் அதை வெட்டும்போது கை நடுங்குவதில்லை.

எனவே முதல் வேலை, நல்ல நிலையில் இருக்கும் ஒன்றைப் போய்ப் பார்ப்பது. கிண்டி தேசியப் பூங்காவில் பொதுமக்கள் போகக்கூடிய பகுதியிலிருந்தே நிறையத் தெரியும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். 1937-ல் கல்லூரி அங்கே குடிபெயர்ந்த நிலம் சேலையூர்க் காட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. அங்கே நிழலில் நடந்தால் நம் மண்ணுக்கு எது இயல்பு என்பது காலுக்கே தெரியும். தை மாதம் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை போக வேண்டும். தையில் எல்லாமே பச்சை. வைகாசியில் பச்சையாக இருப்பது எது என்பதுதான் நமக்கு வேண்டும்.

பார்க்க வேண்டிய முகங்கள்: பாலை (உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள்), காசா, வீரை, இரும்பிலி, காட்டு எலுமிச்சை. இவை என்றும் பச்சையானவை, மெதுவாக வளர்பவை. நடுவில் உசிலை, வெட்பாலை, நுணா, எட்டி, வேம்பு, நாவல், கொன்றை. வெயிலில் முன்னே நிற்கும் முரட்டுக் கூட்டம் காரை, சூரை, களா, விடத்தேரை, விராலி, சுலுந்து. மேலே படர ஆதொண்டை, மோதிரக்கன்னி, சீந்தில், குன்றிமணி. இந்தப் பெயர்களை இலையோடு சேர்த்து அடையாளம் தெரிந்துகொள்ளாமல் நிலத்தில் கடப்பாரையைத் தூக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் இருளர் பெண்கள். செங்கல்பட்டுப் பக்கம் எந்த ஊரிலும் செடி தெரிந்த ஒரு இருளர் அக்கா இருப்பார். அவருக்குக் கூலி கொடுத்து ஒரு நாள் கூடவே நடந்து வரச் சொல்லுங்கள். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள், இது ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டலூரும் நன்மங்கலமும் காப்புக்காடுகள். 1882-ஆம் வருடத்து வனச் சட்டத்தின்கீழ் வருபவை. அங்கே மாவட்ட வன அலுவலரின் அனுமதி இல்லாமல் செடி நடவும் கூடாது, விதை பொறுக்கவும் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றால் வனக்காவலர் சிரிப்பார், அவ்வளவுதான். நான் சொல்வதெல்லாம் சொந்த நிலம், கல்லூரி வளாகம், அறக்கட்டளை நிலம், அனுமதி வாங்கிய கோயில் நிலம், ஏரிக்கரை போன்ற இடங்களுக்கு.

குனிந்து பார்க்கும் வருடம்

ஒரு கயிறு எடுத்துப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கட்டுங்கள். அதற்குள் மண்டி போட்டுத் தேடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காசாவின் தூர் எப்படி இருக்கும் தெரியுமா? தரையோடு தரையாக, கரடுமுரடாக ஒரு கட்டை. மேலே பலமுறை வெட்டிய வடு. அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி குச்சியாகத் துளிர்கள், நுனி எல்லாம் ஆடு கடித்து மொட்டை. துளிரில் எதிரெதிராக இரண்டு இலை, தோல் மாதிரி கெட்டியாக, மேலே கரும்பச்சை மினுமினுப்பு. கட்டையை நகத்தால் சுரண்டுங்கள். செத்த மேல்பட்டை தூளாக உதிரும், அதற்குக் கீழே ஈரமான பச்சை தெரியும். மேலே ஒரு சாண்தான், ஆனால் கீழே இருக்கும் வேருக்கு உங்கள் வயதுகூட இருக்கலாம். நர்சரியில் நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் கன்று, இந்த வேர் இறங்கியிருக்கும் ஆழத்தைத் தொட எத்தனையோ கோடையைத் தாண்ட வேண்டும். ஓசியில் கிடைக்கிற இதை விட்டுவிட்டு அதை ஏன் வாங்குவானேன்?

நாட்டுச் செடியின் தூருக்கும் நாற்றுக்கும் வெள்ளைத் துணி கட்டுங்கள். வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, சௌண்டலுக்குச் சிவப்பு. என் கணக்கு இதுதான்: ஒரு சதுரத்தில் எட்டு, பத்து வெள்ளைத் துணி விழுந்தால் அங்கே நட வேண்டியதில்லை, காத்தால் போதும். மூன்று, நான்கு என்றால் இடைவெளியில் மட்டும் நட வேண்டும். ஒன்றுமே இல்லை, வெறும் சரளையும் கட்டாந்தரையும்தான் என்றால், அங்கேதான் முழு நடவு. முழு நிலத்துக்கும் இப்படி ஒரு வரைபடம் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். கன்றுக்குப் போகவிருந்த பணத்தில் பாதி அப்போதே மிச்சமாகிவிடும்.

மரமாக வளரக்கூடிய தூரில் பத்துப் பன்னிரண்டு கிளை வந்திருந்தால் நேராக, தடிமனாக இருக்கும் இரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். காசா, களா போன்ற புதர்களில் கை வைக்க வேண்டாம், அவை அப்படியே அடரட்டும்.

அப்புறம் காவல். இதில் மூன்று எதிரிகள்.

ஆடு முதலாவது. வேலி போட்டுவிட்டுச் சண்டைக்குத் தயாராகாதீர்கள். அந்த நிலத்தில் உங்கள் பத்திரத்துக்கு முன்னாலிருந்து மேய்க்கிறவர்கள் இருப்பார்கள். எங்கள் பக்கம் ஒரு பெரியவர், காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு குளத்துக்குப் போக நிலத்துக்கு நடுவில்தான் வழி. "தாத்தா, ஒரு ஓரமா ஆறடி வழி விடறேன், புல்லை நீங்களே அறுத்து எடுத்துட்டுப் போங்க, உள்ளே மட்டும் மேய விடாதீங்க" என்று பேசி முடித்தோம். இன்று வெளியாடு நுழைந்தால் முதலில் சத்தம் போடுவது அவர்தான். வேலிக்குக் கம்பி வேண்டாம். வெட்டிய சீமைக்கருவேல முள்ளை இடுப்பு உயரத்துக்குப் போட்டால் போதும். காய் இருக்கும் கிளையை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது நெருப்பு. மாசிக்குப் பிறகு காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு போதும். சாலை ஓரமாகவும் பக்கத்து மனை ஓரமாகவும் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக்குங்கள். பிப்ரவரி முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும்.

மூன்றாவது, சென்னைக்கே உரிய கட்டட இடிபாடு. ராத்திரியில் டிப்பர் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண் காரத்தன்மை கூடிப்போய் நாட்டுச் செடிகளுக்கு ஆகாது. அதை நிரவி மேலே செம்மண் போட்டு மூடுவது ஏமாற்று வேலை. அள்ளி வெளியேற்ற வேண்டும். வாசலில் ஒரு பள்ளம் வெட்டி லாரி நுழைய முடியாமல் செய்வது அதைவிட மலிவு.

சீமைக்கருவேலம்

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த மரம். வெட்டினால் தூரிலிருந்து பத்து மடங்காகக் கிளைக்கும். காயை ஆடும் மாடும் தின்னும், கொட்டை சாணத்தோடு வெளியே வந்து உரத்தோடு முளைக்கும். முளைக்காத கொட்டை வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது தானாகப் புரியும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். இது என் பிடிவாதம். ஜேசிபியை வைத்து ஒரே வாரத்தில் மொட்டையடித்த நிலத்தை வேறு இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்கு மேல்மண் ஓடை வழியாகப் போய்விடும். மீதியில் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும், அவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் சீமைக்கருவேல நாற்றும் வரும். ஜேசிபி வாளிக்கு வெள்ளைத் துணியும் தெரியாது, காசாத் தூரும் தெரியாது.

பதினைந்து, இருபது மீட்டர் அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் வேலை, அடுத்த பட்டை அப்படியே நிற்கட்டும். நிற்கும் மரம் வெயிலையும் காற்றையும் மறைக்கும், கொண்டலாத்தியும் குயிலும் உட்கார இடம் கொடுக்கும். தை, மாசியில், காய் முற்றுவதற்கு முன்னால் மரத்தை வெட்டுங்கள். விறகு வியாபாரிக்கும் கரி சுடுகிறவர்களுக்கும் கட்டை போகும், கூலியில் ஒரு பங்கு திரும்பி வரும். சின்னக் கிளைகளைத் தரையில் பரப்பிவிடுங்கள், கோடை வெயில் மண்ணைச் சுடாமல் இருக்கும்.

தூரை அப்போதே தோண்ட முயல வேண்டாம், தரை பாறையாக இருக்கும். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை நான்கைந்து பெய்து மண் இளகியதும் கடப்பாரையோடு போங்கள். முழு வேரையும் எடுக்க வேண்டும் என்பதில்லை, முடியவும் முடியாது. தூரைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பறித்தால் தண்டு தடித்து முண்டும் முடிச்சுமாக இருக்கும் பகுதி தெரியும். துளிர்க்கும் மொட்டுகள் அங்கேதான். அந்த முண்டுக்குக் கீழே வேர் வழவழப்பாக, ஒரே சீராக இறங்கும். அந்த இடத்தில் கோடாலி போட வேண்டும். முண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு கைப்பிடி முண்டு உள்ளே தங்கினாலும் கார்த்திகையில் அது உங்களைப் பார்த்து இலை ஆட்டும்.

கால்களுக்குத் தடித்த பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ரப்பர் செருப்பை இந்த முள் வெண்ணெய் மாதிரித் துளைக்கும். குத்தினால் டிடி ஊசி. விறகுக் குவியலைக் கிளறும்போது முதலில் குச்சியால் தட்டுங்கள், கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் மண்ணின் குடிகள்தான்.

உண்ணிச்செடிக்கு இது மாதிரி ஆழம் தேவையில்லை. தரைக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணைத் தொடாவிட்டால் மறுபடி பிடிக்காது.

மழைக்காலத்தில் புதிதாக முளைக்கும் சீமைக்கருவேல நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம், ஈரமண்ணில் சுலபமாக வரும். பொங்கலுக்குள் பிடுங்காவிட்டால் ஆணிவேர் இறங்கி அதுவும் கடப்பாரை வேலையாகிவிடும். இந்தக் களையெடுப்பு குறைந்தது மூன்று, நான்கு மழைக்காலத்துக்குத் தொடர வேண்டும். பட்ஜெட் போடும்போது மரம் வெட்டும் செலவைவிட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள்.

நிலத்தில் மழையை நிறுத்துவது

சென்னையின் சராசரி மழை வருடத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். வருடத்து மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! நான்கே வருடம் கழித்து 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊரே தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மறுபடி மூழ்கடித்தது. மழை மொத்தமாகக் குறையவில்லை, கொட்டும் விதம் மாறிவிட்டது. நாம் மீட்கும் காடு இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

சரிவுக்குக் குறுக்கே, விட்டு விட்டு, இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை அடி ஆழம் என்று சின்னச் சின்ன அகழி எடுங்கள். தொடர்ச்சியாக ஒரே நீளமாக எடுத்தால் 2015 மாதிரி மழையில் ஒரு இடத்தில் உடைந்து எல்லாமும் போகும். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கமாகப் பிறை வடிவில் வரப்பாக்குங்கள். நடவு எல்லாம் அந்தப் பிறையின் உள்பக்கம். வரப்பின் மேலே பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில் ஊன்றினால் போதும், அதற்குமேல் பனைக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தாழ்வான இடத்தைத் தூர்த்து மேடாக்காதீர்கள். தண்ணீர் நிற்கட்டும். ஓரத்தில் நீர்மருது, புங்கம், நாவல் நிற்கலாம். சதுப்பாகவே இருந்தால் மரமே வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் என்ற உலகச் சதுப்பு நில ஒப்பந்தத்தின் அங்கீகாரம் கிடைத்தது அதன் தண்ணீருக்கும் கோரைக்கும் பறவைக்கும்தான். திறந்த புல்வெளியும் அப்படித்தான். கிண்டியில் வெளிமான் ஓட வெட்டவெளி வேண்டும், அது அடர்காட்டில் வாழும் பிராணி அல்ல. உங்கள் நிலத்தில் இயற்கையாகவே புல்லாக இருக்கும் துண்டைப் புல்லாகவே விடுங்கள். பச்சையாக எதையாவது நட்டே தீர வேண்டும் என்று கை பரபரக்கும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

விதையும் நாற்றங்காலும்

பாலையும் காசாவும் வீரையும் சாதாரண நர்சரியில் கிடைக்காது. கேட்டால் "சார், புங்கன் இருக்கு, பாதாம் இருக்கு, டபேபுயா இருக்கு" என்பார்கள். எனவே நாற்றங்கால் நீங்களே போட வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் பச்சை வலைக்குக் கீழேகூட முடியும்.

ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது பத்துப் பதினைந்து தாய்மரத்திலிருந்து, வெவ்வேறு ஊரிலிருந்து எடுங்கள். கொஞ்சம் விதை நம்மைவிட மழை குறைந்த தெற்குப் பக்கத்திலிருந்தும் வரட்டும். இந்தக் காடு கரையோரமாக ராமநாதபுரம் வரைக்கும் உண்டு. வருங்காலச் சென்னை இன்னும் சூடாக இருக்கப்போகிறது என்றால், அந்தச் சூட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் கூட்டத்தில் இருக்கட்டும். 2003 மே மாதத்திலேயே இங்கே 45 டிகிரியைப் பார்த்துவிட்டோம்.

பாலை, காசா, நாவல், வேம்பு விதைகளைக் காயவைத்து டப்பாவில் பூட்டினால் செத்துப்போகும். பழமாகப் பறித்து, சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, அந்த வாரமே விதைக்க வேண்டும். உசிலையும் கொன்றையும் நேர் எதிர். ஓடு கெட்டி. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுவதும் ஊற விடுங்கள். காலையில் உப்பியவற்றை விதையுங்கள், உப்பாதவற்றுக்கு மறுபடி சுடுதண்ணீர்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. காட்டில் அதே வகை மரத்தடி மண் ஒரு கைப்பிடி கிடைத்தால் கலந்துவிடுங்கள். பை உயரமாக இருக்கட்டும், ஒரு அடிக்காவது. நம் காட்டுச் செடிகள் முதலில் கீழ்நோக்கித்தான் வளரும். பாலைக் கன்று இரண்டு வருடமானாலும் முழங்கால் உயரம் தாண்டாமல் நிற்கும், அதைப் பார்த்து உரம் கொட்டாதீர்கள். பைக்குள்ளேயே வேர் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்த கன்று வருங்காலத்தில் விழப்போகிற மரம். இடம் மாற்றி வைத்து, பையை மீறி வெளியே வரும் வேரை மாதம் ஒருமுறை கத்தரியுங்கள். நடும் அன்று பையைக் கிழித்ததும் சுற்றிய வேர் தெரிந்தால் அதைப் பிளேடால் வெட்டிவிட்டு நடுங்கள், தயங்க வேண்டாம்.

நடவு

புயலைப் பற்றிச் சொல்லாமல் நடவைச் சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12, வர்தா. மறுநாள் காலை தெருவெல்லாம் படுத்துக் கிடந்தவை பெரும்பாலும் குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும்தான். வேகமாக வளரும், கனமான குடை, லேசான கட்டை, மேலோட்டமான வேர். கரையோரக் காட்டின் சொந்தச் செடிகள் குட்டையாக, ஒன்றோடொன்று கிளை கோத்து, கூட்டமாகக் காற்றை வாங்கிக்கொள்ளும். எனவே உயர மரத்தை மட்டும் வாங்கி நடும் ஆசையை விடுங்கள். நான் நடும் கூட்டத்தில் பாதி புதர். மீதிப் பாதியில் பெரும்பங்கு மெதுவாக வளரும் பச்சை மரங்கள். கொடிகளை மூன்றாவது வருடத்துக்குப் பிறகு விடுவேன், அதற்கு முன்னால் விட்டால் கன்றை அமுக்கிவிடும்.

இரண்டு மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று. நெருக்கி நடும் ஜப்பானிய மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று என்று வைத்தாலே ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரம் தாண்டும். மாநகராட்சி 2020 முதல் அப்படிச் செய்து வருகிறது. ஊருக்கு நடுவில், குப்பை கொட்டும் மூலைக்கு அது சரி. தண்ணீரும் ஆளும் அருகிலேயே இருக்கும். ஆனால் வேரும் தூரும் உயிரோடு இருக்கும் ஐந்து ஏக்கர் மேட்டு நிலத்தில் அது வீண் செலவு என்பது என் கருத்து. நர்சரிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

எப்போது நடுவது? டிசம்பரில் விழா வைக்காதீர்கள். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள், மாலை மழையில் மண் நனைந்திருக்கும்போது நட்டுவிட்டால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது வேர் தயாராக இருக்கும். பருவமழை முழுவதையும் குடித்துவிட்டுக் கோடைக்குள் நுழையும். கார்த்திகைக் கடைசியில் நட்ட கன்றுக்கு மிஞ்சுவது ஒரு மாத ஈரம், அப்புறம் ஐந்தாறு மாத வறட்சி.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. செம்புறைக் கல்லாக இருந்தால் இரண்டு அடி. பாலை, வீரை, இரும்பிலி போன்றவற்றை வெட்டவெளியில் நடாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் காரை, சூரைப் புதரின் கிழக்குப் பக்கமாக, ஒட்டினாற்போல் நடுங்கள். மேற்கு வெயிலைப் புதர் தாங்கிக்கொள்ளும், முள்ளுக்குப் பயந்து ஆடு வாய் வைக்காது. புதரே இல்லாத கட்டாந்தரையில் நடவின் முதல் வருடம் விராலியும் உசிலையும் காரையும் மட்டும் வைத்து, அவை இடுப்பளவு வந்தபின் அவற்றின் காலடியில் பச்சை மரங்களைக் கொண்டுவாருங்கள். விராலியை ஆடு அவ்வளவாகத் தொடாது, சரளையிலும் பிழைக்கும்.

கன்றைச் சுற்றி நான்கு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். வேப்பஞ்சருகு, புல், வெட்டிய சௌண்டல் தழை எதுவும் சரிதான். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் பெருக்கி எரிக்கும் சருகை மூட்டை கட்டிக் கேட்டு வாங்குங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

வெட்டிய பட்டைகளில் ஆங்காங்கே பத்தடி மூங்கில் கழி நட்டு, உச்சியில் குறுக்குக் குச்சி கட்டிவிடுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் குக்குறுவானும் வந்து உட்காரும். இந்தக் காட்டில் பெரும்பாலானவை சதைப்பழம் காய்க்கும் செடிகள், பறவை எச்சத்தில்தான் ஊர் மாறுகின்றன. இரண்டு மழைக்குப் பிறகு கழிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சூரை, வேம்பு, பெயர் தெரியாத இன்னும் சில என்று நீங்கள் நடாத நாற்றுகள் இருக்கும். சீமைக்கருவேலத்துக்குச் சதைப்பழம் இல்லை என்பதால் அந்த வழியில் அது வராது.

நன்கொடை வாங்கித் தருகிறோம் என்று வரும் கம்பெனிகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பேருந்து நிறைய இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கன்றுகள் ஆளுயரம், போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டுமாம். ஆளுயரக் கன்றுக்கு ஒரு சாண் பை! உள்ளே வேர் பந்தாகச் சுருண்டிருந்தது. அவர்களை முள் வேலி கட்ட வைத்தேன். நல்ல பிள்ளைகள், முகம் சுளிக்காமல் செய்தார்கள். கன்றுகளைத் திருப்பி அனுப்பியதில் மேனேஜருக்குத்தான் வருத்தம்.

கோடையும் ஜூன் கணக்கும்

முதல் கோடையில் வாரம் ஒருமுறை கன்றுக்கு ஒரு குடம். தினமும் ஒரு சொம்பு தெளிப்பது கெடுதல், வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாவது கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மூன்றாவது கோடையில் தண்ணீர் கிடையாது. தண்ணி லாரி வராத இடமென்றால், சின்ன மண்பானையில் ஓட்டை போட்டுத் துணித்திரி வைத்து, கன்றுக்கு அரை அடி தள்ளிப் புதைத்துவிடுங்கள். ஒருமுறை நிரப்பினால் பல நாளைக்குக் கசிந்துகொண்டிருக்கும்.

கன்று எத்தனை பிழைத்தது என்று டிசம்பரில் எண்ணாதீர்கள், அப்போது எல்லாமே பிழைத்த மாதிரி இருக்கும். ஜூனில், கத்திரி வெயில் முடிந்து முதல் மழைக்கு முன்னால் எண்ணுங்கள். பழைய கயிற்றுச் சதுரங்களிலேயே மறுபடி மண்டி போட வேண்டும். இலை இல்லாமல் நிற்கும் கன்றைச் செத்தது என்று பிடுங்கிவிடாதீர்கள். பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, மழைக்குத் துளிர்க்கும். நோட்டில் மூன்று பத்தி போதும்: வகை, இடம், உயிரா செத்ததா. எந்த வகை எந்த மண்ணில் செத்தது என்பதைப் பார்த்து, செத்ததற்குப் பதிலாக அதே வகையை அதே இடத்தில் வைக்காதீர்கள். பக்கத்தில் தழைத்து நிற்பது எது என்று பார்த்து அதை வையுங்கள். அந்தப் பட்டியல் ஜூன் கடைசிக்குள் கையில் இருந்தால், அதே வாரம் விழும் நாவல், வேப்பம் பழத்தைப் பொறுக்க ஆள் அனுப்பலாம்.